கபாலி டீசர்: படத்துக்கு இல்லை, விளம்பரத்துக்கு ஒரு விமர்சனம்

போன வாரம் எங்கள் பிளக்ஸ் கடைக்கு ஒரு தம்பி வந்தார். அப்பாவுக்கு மணிவிழா, பத்துக்கு எட்டு சைஸில் ஒரு பேனர் வேண்டும், போட்டோ வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன், "கபாலி மாதிரி பண்ணிக் கொடுங்கண்ணே" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவைப்படவில்லை. கோட்டு சூட்டு, நரைத்த தாடி, பின்னால் வானுயரக் கட்டடங்கள், முகத்தில் லேசான அலட்சியம். படத்தின் கதையைச் சொல் என்றால் அந்தத் தம்பி பாதிகூடச் சொல்லமாட்டார், ஆனால் போஸ்டர் மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் மண்டைக்குள் மடியாமல் இருக்கிறது. வேலையை முடித்துவிட்டு ராத்திரி அந்த டீசரை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். டிசைன் வேலை பார்க்கிறவனுக்கு இது ஒரு வியாதி.

அதனால் இது ரஜினி நடித்த கபாலி படத்துக்கு எழுதுகிற விமர்சனம் இல்லை, அதைத்தான் 2016லேயே ஊரே எழுதித் தீர்த்துவிட்டதே. படம் ஒரு சரக்கு என்றால், அதை விற்க வந்த டீசர், போஸ்டர், விமானம், வெள்ளிக்காசு எல்லாம் சேர்ந்து இன்னொரு சரக்கு, என் விமர்சனம் அந்த இரண்டாவது சரக்குக்கு. அதற்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுத்தேன், அதனால் உரிமை இருக்கிறது.

டீசர் வந்தது 2016 மே 1ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை, உழைப்பாளர் தினம், போதாததற்கு அஜித் பிறந்தநாள் வேறு, எங்கள் கடையில் அந்த வாரம் முழுக்க அஜித் பேனர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜியோ வந்து டேட்டாவை வாரி இறைத்ததெல்லாம் அந்த வருஷம் செப்டம்பரில்தான். மே மாதத்தில் ஒரு ஜிபிக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்படியும் சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாருடைய போனிலும் அது இருந்தது, ஒருவர் டவுன்லோட் செய்து, நெட் செலவில்லாமல் போனுக்குப் போன் அனுப்புகிற ஷேரிட் ஆப்பில் பத்துப் பேருக்குத் தள்ளி, அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேருக்குத் தள்ளி. யூடியூபில் ஏறின எண்ணிக்கையைப் பெரிய சாதனையாகப் பேசினார்கள், ஷேரிட்டில் போனதை யாரும் எண்ணவே இல்லை.

நீளம் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரிகிறது. முதலில் ஆளைக் காட்டுவதில்லை, பேரைக் காட்டுகிறார்கள். எதிராளி ஒருவன் யார் அந்தக் கபாலி, வரச்சொல் என்று கத்துகிறான். அப்புறம்தான் ஆள் வருகிறார். நாடகக் கொட்டகைக் காலத்து உத்திதான் இது, கதாநாயகன் மேடைக்கு வருவதற்கு முன்னாலேயே மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசிப் பேசிச் சூடேற்றுவார்கள். ரஜினி படங்களில் முதல் காட்சியை இப்படித்தான் வைப்பார்கள், ஆனால் படத்தில் அதற்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே பத்து விநாடி.

அடுத்து வருகிறதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த விளம்பரத்திலேயே கெட்டிக்காரத்தனமான இடம். பழைய தமிழ்ப் படங்களில் கபாலி என்று பேர் வைத்தால் அவன் அடியாள். மரு வைத்து, லுங்கி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான், முதலாளி நம்பியார் கூப்பிட்டால் குனிந்து ஓடிவருவான். அந்த மாதிரிக் கபாலி என்று நினைத்தாயா என்று ரஜினி கேட்கிறார். யோசித்துப் பாருங்கள், பேரை வைத்தே ஐம்பது வருஷத் தமிழ் சினிமாவை ஒரே வசனத்தில் இழுத்து வந்து நிறுத்திவிட்டார்கள். நம்பியார் படம் பார்த்து வளர்ந்த எங்கள் அப்பாவுக்கு அது சிரிப்பு, எனக்கு அது கெத்து, இயக்குநர் ரஞ்சித்தின் மற்ற படங்களைப் பார்த்தவர்களுக்கு அது அரசியல். ஒரே வசனம், மூன்று பேரிடம் மூன்று விதமாக விலை போகிறது. விளம்பரம் எழுதுகிறவர்கள் வாழ்நாள் முழுக்கத் தேடுகிற வரி இதுதான். அந்த மூன்றாவது அர்த்தம் எனக்கு அன்றைக்கு உறைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தப் பழைய ரஜினி. நீள முடி, எண்பதுகளின் உடுப்பு, ஸ்லோமோஷனில் ஒரு நடை. இரண்டு மூன்று விநாடிதான் வருகிறது, ஆனால் அது யாருக்காக வைத்தது என்பதில் சந்தேகமே வேண்டாம். நரைத்த தாடியோடு தன் வயசுக்குத் தக்கபடி ரஜினி வருகிறார் என்றதும் பழைய ரசிகர்களுக்கு அடிவயிற்றில் ஒரு பயம் இருந்தது, அந்தப் பயத்துக்கு மருந்து அந்த நடை. என் கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கிரீன்ஷாட் என்றதும் கடைக்கதை ஒன்று. அந்த மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் எங்கள் கடைக்கு வந்த பசங்க எல்லாரும் கொண்டுவந்தது டீசரில் இருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்தான். போன் திரையில் பார்க்க அம்சமாக இருக்கும், அதை முப்பது அடிக்கு இழுத்தால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். சொன்னால் கேட்கமாட்டார்கள். ஆனால் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன், எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது ஒரு போஸ்டராக இருந்தது. ஆள் நடுவில், பின்னால் இடம் விட்டு, முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்து, மேலே பேர் போடத் தோதாகக் கொஞ்சம் காலி. ஸ்லோமோஷன் அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, நிறுத்தி எடுக்க வசதியாகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தயாரிப்பாளர் தாணு ஒரு போஸ்டர் கொடுத்தால் அதிலிருந்து ஆயிரம் போஸ்டர் ரசிகன் சொந்தச் செலவில் அடித்துக்கொள்கிறான், சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று எங்களுக்கும் கொடுத்துவிட்டு. முன்னாலெல்லாம் சிவகாசியில் ஆறு ஷீட் போஸ்டர் அச்சடித்து, லாரியில் ஏற்றி, ஊர் ஊராகப் பசை வாளியோடு ஆள் அனுப்பினார்கள், அந்தச் செலவு மொத்தமும் ரசிகன் தலைக்கு மாறிவிட்டது. இதில் எங்களுக்கு லாபம்தான், புகார் சொல்லவில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சந்தோஷ் நாராயணன் போட்ட அந்தக் கிடார், அதோடு வருகிற நெருப்புடா என்ற அருண்ராஜா காமராஜின் கத்தல். அன்றைக்கு நம்மிடம் இருந்த போன் ஸ்பீக்கரில் அடித்தாளம் சரியாகக் கேட்காது, ஆனால் கிடார் இரைச்சல் தகர டப்பாவில்கூடக் கேட்கும். டீக்கடையில் ஒருவன் போட்டால் எதிர்க்கடை வரைக்கும் வந்தது. நடுவில் சத்தம் குறைந்து, வசனம் வந்து, மறுபடி கிடார் எகிறுகிற அந்த இடைவெளியில் தியேட்டரில் எப்படிக் கத்தவேண்டும் என்று ரசிகனுக்கு ஒத்திகை கொடுத்துவிட்டார்கள். கடைசியில் சாந்தமாக ஒரு "மகிழ்ச்சி". நெருப்பையும் கொடுத்து நெருப்பை அணைக்கத் தண்ணீரும் கொடுத்த மாதிரி. அடுத்த ஆறு மாதம் கல்யாண வீட்டில் மொய் வைத்தவனுக்கும் மகிழ்ச்சி, பஸ்ஸில் சில்லறை கொடுத்தவனுக்கும் மகிழ்ச்சி. ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல்லை ஒரு படத்துக்குச் சொந்தமாக்கினார்கள், யார் அதைச் சொன்னாலும் படத்துக்கு இலவச விளம்பரம்.

போஸ்டருக்கு வருவோம். முதல் போஸ்டர்கள் 2015 செப்டம்பரிலேயே வந்துவிட்டன. வெள்ளைத் தாடி, கோட்டு, பின்னால் கோலாலம்பூர். கருப்பு மை அடித்துக்கொள்ளாத ரஜினியைப் போஸ்டரில் பார்த்ததே பெரிய செய்தியாக இருந்தது. அந்தக் கோட்டை நாங்கள் எல்லாரும் ஸ்டைல் என்றுதான் எடுத்துக்கொண்டோம், நான் எத்தனை பேருடைய முகத்தை அந்தக் கோட்டின் மேல் ஒட்டிக் கொடுத்தேன் என்று கணக்கே இல்லை. படத்துக்குள் போனால் அந்தக் கோட்டுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது, காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் இருக்கிறது என்று ஒரு பேச்சு வரும். விளம்பரம் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. தப்பு என்று சொல்லமாட்டேன், போஸ்டரில் காரணத்துக்கு இடம் கிடையாது. ஆனால் என் குறை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜூலை 22, வெள்ளிக்கிழமை, முதல் காட்சி. டிக்கெட் என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன், தியேட்டர் பேரும் வேண்டாம். பேனர் எங்கள் கடையில் அடித்தது, அதனால் கொஞ்சம் பெருமையோடுதான் போய் நின்றேன். உள்ளே போனால் கபாலி கையில் புத்தகத்தோடு ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இருபத்தைந்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிற ஒரு மனுஷன், செத்துப்போனதாக நினைத்த மனைவியைத் தேடிக்கொண்டு போகிறான். மலேசியாவில் எஸ்டேட் தமிழர்கள் பட்ட பாடு, தடம் மாறிப்போன பசங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், பாண்டிச்சேரியில் அந்த மனைவியாக வருகிற ராதிகா ஆப்தேவைப் பார்க்கிற காட்சி. இதில் எதையும் அந்த ஒரு நிமிஷ டீசர் எனக்குச் சொல்லவில்லை. தாதா வருகிறார், அடிக்கப்போகிறார், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சேதி. அந்தச் சந்திப்புக் காட்சியில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டார், பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்து எப்ப தலைவா சண்டை என்று கத்தினான். நானும் அன்றைக்கு அந்தப் பக்கம்தான். வெளியே வந்து "டீசர்ல இருந்தது அவ்வளவுதான் மாப்ள" என்று என் கூட்டாளி சொன்னான், நானும் தலையை ஆட்டினேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு பண்டிகை நாளில் டிவியில் போட்டபோது சும்மா படுத்துக்கொண்டு பார்த்தேன். அந்தச் சந்திப்புக் காட்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் அப்படியே இருக்கிறது, நான் கையில் ஒரு டீசரை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வில்லன் பகுதி அப்போதும் சுமார்தான், இரண்டாம் பாதி இழுக்கத்தான் செய்கிறது, அதையெல்லாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல டீசர் ஒரு சுமாரான படத்தைக் காப்பாற்றும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அளவுக்கு மீறி நல்ல டீசர் ஒரு நல்ல காட்சியை என்னிடமிருந்து மூன்று வருஷம் மறைத்துவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழைய பாட்டுப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள், பாட்டு வரிகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். எங்கள் அப்பா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். கதையைப் பாதி சொல்லிக்கொண்டே வந்து, கதாநாயகி யாரை மணந்தாள், கொலை செய்தது யார் என்று கேள்விகளை அடுக்கிவிட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள். அதுவும் டீசர்தான். ஆனால் அது கதையின் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டது, அழுகைப் படமா சண்டைப் படமா என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிடும். இப்போது வருகிறவை கதையைத் தொடுவதே இல்லை, ஆளை மட்டும் கொடுக்கின்றன. ஆளைப் பார்த்து டிக்கெட் வாங்கிவிட்டு உள்ளே போய்க் கதையைப் பார்த்து முழிக்கிறோம்.

ஏமாந்துவிட்டேன் என்று கேஸ் போடலாமா என்றால், ஒருவர் போட்டே பார்த்துவிட்டார். அதே 2016ஆம் வருஷம், ஷாருக்கான் நடித்த ஃபேன் படம். விளம்பரத்தில் ஓட ஓடக் காட்டின ஒரு பாட்டு படத்தில் இல்லவே இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்தேன் என்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவும் கொடுக்கச் சொன்னது, தேசிய ஆணையமும் சரி என்றது. கடைசியில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் என்பது ஒப்பந்தமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை, டிக்கெட் வாங்கத் தூண்டுகிற ஒரு விளம்பரம் மட்டும்தான் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடையில் காட்டின சேலை ஒன்று, பையில் போட்டுக் கொடுத்த சேலை வேறு என்றால் எங்கள் பெரியம்மா சும்மா விடமாட்டார், எந்தக் கோர்ட்டு சொன்னாலும். கபாலி டீசர் மேல் அந்தக் குற்றச்சாட்டு செல்லாது என்பதையும் சொல்லவேண்டும், அதில் காட்டின எல்லாம் படத்தில் இருந்தது. அது மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தது நான்.

மற்ற அயிட்டங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். விமானம்: ஏர் ஏசியா ஒரு விமானத்தின் உடம்பில் ரஜினியை வரைந்து பறக்கவிட்டது, பெங்களூரில் இருந்து ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் படம் பார்க்கவும் கூட்டிவந்தது. நான் அதில் ஏறவில்லை, எங்கள் ஊரில் ஏர்போர்ட்டே கிடையாது. ஆனால் அதில் ஏறினவர்கள் கொஞ்சம் பேர்தான், போட்டோவைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில், விமானமே ஒரு பறக்கிற பேனர் என்கிற அளவில் அந்த யோசனைக்கு முழு மார்க். ஏர்டெல் கபாலி பேரில் ரீசார்ஜ் பேக் விட்டது, அது எனக்கு ஒட்டவே இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஒன்றிரண்டு நிறுவனங்கள் ரிலீஸ் அன்றைக்கு ஊழியர்களுக்கு லீவு அறிவித்த நோட்டீஸ் வாட்ஸப்பில் சுற்றியது, காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் அது. எங்கள் முதலாளியிடம் அதைக் காட்டினேன், அன்றைக்கு ஓவர்டைம் என்றார்.

இத்தனைக்கும் நடுவில் ரஜினி ஊரிலேயே இல்லை. படம் வந்த நேரத்தில் அவர் அமெரிக்காவில் இருந்தார். டிவியில் உட்கார்ந்து ஒரு பேட்டி கிடையாது, கல்லூரி கல்லூரியாகப் போய் ஆடவில்லை. கோயிலில் மூலவருக்குத் திரை போட்டுவிட்டு வெளியே மேளம் அடிப்பார்களே, அந்த மாதிரி. ஆள் கண்ணில் படாதது எப்படி விளம்பரமாகும் என்பதற்கு அஜித் இன்னொரு உதாரணம். அவருடைய வலிமை படத்துக்கு எதுவுமே வெளியிடாமல் வைத்திருந்தார்கள், பசங்க 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் ஃபீல்டிங் நின்றுகொண்டிருந்த மொயீன் அலியிடம் வலிமை அப்டேட் கேட்டார்கள். பாவம், இங்கிலாந்துக்காரர், அவருக்கு என்ன தெரியும். கடைசியில் அஜித்தே பொறுமையாக இருங்கள் என்று அறிக்கை விடவேண்டியதாயிற்று, அந்த அறிக்கையும் ஒரு அப்டேட்டாக ஓடியது.

இப்போது நடப்பது இதற்கு நேர் எதிர். நாளைக் காலை பதினோரு மணிக்கு ஓர் அறிவிப்பு வரும் என்று முதல் நாள் ஓர் அறிவிப்பு, அப்புறம் டைட்டில், ஃபர்ஸ்ட் லுக், மோஷன் போஸ்டர், கிளிம்ப்ஸ், டீசர், பாட்டுக்கு ஒரு ப்ரோமோ, லிரிக் வீடியோ, கடைசியில் டிரெய்லர். ஒவ்வொன்றும் வந்த மறுநாள் இத்தனை மில்லியன் பார்வை என்று அதற்கொரு போஸ்டர். எண்ணிக்கையையே காட்டிக் கூட்டம் சேர்ப்பது, ஹோட்டல் வாசலில் வண்டி நிறைய நின்றால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நாமும் உள்ளே போகிறோம் இல்லையா, அதே மனசுதான். டிசைனராகச் சொல்கிறேன், முக்கால்வாசியை ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை. டார்க்கான பின்புலம், நெருப்புப் பொறி, முதுகைக் காட்டி நிற்கிற ஹீரோ, கையில் ஏதாவது ஓர் ஆயுதம். பேரை மறைத்துவிட்டுப் பத்துப் போஸ்டரைக் கலைத்துப் போட்டால் எது எந்தப் படம் என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. கபாலி டீசரில் பேர்தான் முதலில் வந்தது என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பேரை எடுத்துவிட்டால் அந்த டீசரே இல்லை. அங்கேதான் அது இன்னும் தனியாக நிற்கிறது.

மார்க் போடாமல் விட்டால் விமர்சனம் என்று ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். டீசருக்கு ஐந்துக்கு நாலரை, வெட்டின அரை மார்க் அந்த மனைவிக்காக, அவளைத் தேடுகிற ஒரு முகத்தை ஒரே ஒரு விநாடி காட்டியிருந்தால் முதல் நாள் நான் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பேன். போஸ்டருக்கு ஐந்துக்கு ஐந்து, மணிவிழாவுக்கு இன்னும் ஓடுகிறதே. ரீசார்ஜ் பேக்குக்கு ஒன்று, அதுவும் பாவம் பார்த்து.

வெள்ளிக்காசை விட்டுவிட்டேன். முத்தூட் ஃபின்கார்ப் ரஜினி முகம் பொறித்த வெள்ளிக்காசு விற்றது. முதல் நாள் என்னோடு படம் பார்த்த அதே கூட்டாளி, டீசர்ல இருந்தது அவ்வளவுதான் என்றவன், படத்துக்கு முன்னாலேயே அதில் ஒன்று வாங்கியிருந்தான், சின்னதுதான். அன்றைக்கு அவனை எல்லாரும் கிண்டல் அடித்தோம். வெள்ளி இன்றைக்கு விற்கிற விலைக்கு, அந்த வருஷம் கபாலிக்காக எங்கள் கூட்டத்தில் செலவழித்த காசில் திரும்பி வரக்கூடியது அது ஒன்றுதான். மணிவிழா பேனரை முடித்த அன்றைக்கு அவனுக்கு போன் போட்டு, வித்துடுறியா மாப்ள என்று கேட்டேன். பூஜை அறையில் இருக்கு, எடுக்க முடியாது என்றான்.